பதினோரு பக்கம்

நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை சொந்தத்தில் வருடத்துக்கு ஒன்றாவது இருந்துவிடுகிறது. டாக்டர் அத்தையிடம் கேள் என்று போனைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்கள். இயற்பியல், வேதியியல் என்றால் தெரிந்ததைச் சொல்லி ஒப்பேற்றிவிடுவேன். நுண்ணுயிரியலை எவ்வளவு தூரம் படிக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் எனக்கு வாய் குழறும். பாடப் புத்தகத்தில் இருப்பது போதுமா, கல்லூரிப் புத்தகம் பார்க்க வேண்டுமா, கிருமிகளின் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று அந்தப் பிள்ளை விடாமல் கேட்கும். எல்லாவற்றையும் படி, ஒன்றையும் விடாதே என்று கடுகடுவென்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். அத்தைக்கு வயதாகிவிட்டது, எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள் என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசிக்கொள்ளட்டும்.

இந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதலில் கேட்டவள் உசிலம்பட்டிக்கு மேற்கே ஓர் ஊர்க்காரி. அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் பெஞ்சில் எனக்குப் பக்கத்து இடம் அவளுக்கு. ஒல்லியாக, நெட்டையாக, நல்ல கறுப்பாக இருப்பாள். தினமும் டவுன் பஸ்ஸில் மதுரைக்கு வந்து போவாள். அவள் ஏறுகிற இடத்தில் பஸ் காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் உட்கார மாட்டாள். செக்கானூரணியில் கூட்டம் ஏறும், எப்படியும் யாராவது பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுந்து கொடுக்கத்தான் போகிறோம், அதற்கு முதலிலேயே நின்றுவிட்டால் ஒரு வேலை மிச்சம் என்பாள். இதைத் தியாகம் மாதிரியெல்லாம் சொல்ல மாட்டாள். கணக்குப் பாடத்தில் ஒரு படியைக் குறைத்ததுபோலச் சொல்வாள்.

யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவாள். அதை எங்கள் வகுப்பில் எல்லோரும் விளையாட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டோம். பஸ் எங்கே போகிறது என்று ஓர் ஆளைக் கேட்டால், இன்னோர் ஆளைக் கேட்டு உறுதி செய்துகொள்கிற வழக்கம் அவளிடம் கிடையாது. ஒருமுறை யாரோ தப்பாகச் சொல்லி, உசிலம்பட்டிக்குப் போக வேண்டியவள் திருமங்கலத்தில் போய் இறங்கினாள். அங்கிருந்து வீடு சேர இருட்டிவிட்டது. அப்பாவிடம் திட்டு வாங்கினாள். மறுநாள் அந்த ஆளை நாங்கள் எல்லோரும் திட்டினோம். அவள் மட்டும் அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கும், பாவம் என்றாள். இவள் டாக்டராகி நோயாளி சொல்வதையெல்லாம் நம்பி மருந்து எழுதினால் ஊர் விளங்கிவிடும் என்று நான் கேலி செய்தேன். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று அவள் ஊருக்குப் போனபோது தெரிந்துகொண்டேன். ஏதோ தூரத்து உறவுமுறை இருந்ததால் பொங்கலுக்கு அடுத்த நாள் என்னை அனுப்பி வைத்தார்கள். அவர்களுக்கு ஏக்கர் அளவுக்கு ஒரு குறுக்கம் நிலம், சுற்றிலும் மானாவாரிக் காடு. நாலு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே கிணறு. ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் என்று தண்ணீர் முறை வைத்திருந்தார்கள். அன்று இன்னொரு வீட்டு முறை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கிணற்றடியில் ஆள் யாரும் இல்லை. அவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக இறைத்துக்கொண்டால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"அதெப்படி இறைப்பாக? முறை முடிஞ்சா அவுகளே நிப்பாட்டிட்டுச் சொல்லி விட்டுருவாக. போயி நின்னு பாத்தா அவுகளக் கள்ளன்னு சொன்ன மாதிரி ஆயிரும்டி" என்றாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பாவும் அந்தப் பக்கத்தில் பிறந்தவர்தான். மதுரைக்கு வந்து கோச்சடையில் வீடு கட்டி, அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார். கிணற்றுப் பங்கில் அரிவாளைத் தூக்காத ஊர் அந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று சிரித்தார். இருக்கலாம். ஆனால் அந்த நாலு குடும்பமும் அந்தக் கிணற்றுக்காகச் சண்டை போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு வந்து அப்போது ஒன்றிரண்டு வருடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பு மார்க்கும் நேர்முகமும்தான். புதுத் தேர்வில் என்ன கேட்பார்கள், எந்த ஆழத்தில் கேட்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. பழைய கேள்வித்தாளும் கையில் கிடைக்காது. எழுதிவிட்டு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதிலும் நுண்ணுயிரியல்தான் பெரிய குழப்பம். எங்கள் பாடப் புத்தகத்தில் அது சில பக்கங்கள்தான். பாக்டீரியாவின் வடிவம், புகையிலையைத் தாக்கும் வைரஸ், தயிர் எப்படிப் புளிக்கிறது, அவ்வளவோடு முடிந்துவிடும். ஆனால் போன தடவை கல்லூரிப் புத்தகத்திலிருந்து கேட்டார்கள் என்று ஒருத்தி சொன்னாள். ஒரு கேள்விகூட வரவில்லை என்று இன்னொருத்தி சத்தியம் செய்தாள். ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள் என்று தாவரவியல் டீச்சர் சொன்னார். ஆழத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்று அவரும் சொல்லவில்லை.

உயிரியல் மொத்தத்தையும் ஆழமாகப் படிக்க ஒருத்திக்கு நேரம் போதாது, கிணறு மாதிரி முறை வைத்துக்கொள்வோம் என்பது அவளுடைய யோசனைதான். உடலியங்கியலும் மரபியலும் அவள் முறை. நுண்ணுயிரும் வகைப்பாடும் என் முறை. அவரவர் முறையில் உள்ளதை அடிவரை படித்து, குறிப்பு எழுதி, மற்றவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அடுத்தவள் முறையில் தலையிடக் கூடாது. பொதுத் தேர்வு முடிந்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் காளவாசலில் இறங்கி, வெயிலில் கோச்சடை வரைக்கும் நடந்து வருவாள்.

அவள் எழுதிய குறிப்பைப் பற்றிச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதுவாள். மேல்தாளை எனக்குக் கொடுத்துவிட்டு, நீலமாக மங்கிப்போன அடித்தாளை அவள் வைத்துக்கொள்வாள். நல்லதை நீயே வைத்துக்கொள்ளேன் என்றேன். எழுதினவளுக்கு மங்கலாக இருந்தாலும் புரியும், வாங்கிப் படிக்கிறவளுக்குப் புரியாது என்றாள். சிறுநீரகத்துக்குப் புத்தகத்தில் இருந்த படம் அவளுக்குத் திருப்தியாக இல்லை. கறிக்கடையில் ஆட்டுக் குண்டிக்காய் ஒன்றை வாங்கி வந்து, நெடுக்காக அரிந்து பார்த்து வரைந்தாள். உள்ளே எந்தப் பகுதி வெளிறியிருந்தது, எது கருஞ்சிவப்பாக இருந்தது என்று ஓரத்தில் எழுதியிருந்தாள். பிறகு அதைக் குழம்பு வைத்துத் தம்பி தங்கைகள் தின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தாள். எனக்கு இன்றைக்கும் சிறுநீரகம் என்றால் அந்தப் படம்தான்.

கொடுத்தால் அளந்து கொடுக்காமல் முழுசாகக் கொடுத்துவிடுவாள், வாங்கினால் அளந்து பார்க்க மாட்டாள். அவள் சுபாவம் இவ்வளவுதான். முதல் பாதியால் எனக்கு லாபம். இரண்டாவது பாதியை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

சென்னையில் வேலை பார்த்த என் மாமா அந்தக் கோடையில் வந்தபோது, கல்லூரி மாணவர்கள் படிக்கிற தடிமனான நுண்ணுயிரியல் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அங்கே தேர்வு எழுதியவர்களிடம் விசாரித்ததில், இந்தப் பகுதியில்தான் ஆளை வடிகட்டுகிறார்களாம். நான் பத்து நாள் உட்கார்ந்து எழுதினேன். நாற்பது தாள் நோட்டு நிறைந்தது. நோட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டேன். சத்தியமாக, எழுதத் தொடங்கியபோது இரண்டு பேருக்குமாகத்தான் எழுதினேன்.

மாமா ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை, சனிக்கிழமை வருகிற அந்தப் பிள்ளை யார் என்று கேட்டார். சொன்னேன். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அப்ப ரெண்டு பேரும் ஒரே லிஸ்ட்லதான வருவீங்க. அவளுக்குக் கெடைக்கிற சீட்டு உன் கையவிட்டுப் போற சீட்டும்மா. பாத்துக்க" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைத்து வை என்று சொல்லவில்லை. பல வருடங்கள் இந்தப் பழியை மாமாவின் தலையில் கட்டப் பார்த்தேன். அது நிற்கவில்லை. அவர் ஆட்டோ ஏறிப் போன பிறகு, நான்தான் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, நாற்பது தாள் நோட்டிலிருந்து பதினோரு பக்கத்துக்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதினேன். பாடப் புத்தகத்தில் உள்ளதையே வார்த்தை மாற்றி எழுதினேன். சந்தேகம் வராமல் இருக்க இரண்டு மூன்று புதிய பெயர்களையும் சேர்த்தேன். வடிகட்டுகிற விஷயங்கள் எவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவற்றைப் பார்த்துப் பார்த்து விட்டேன்.

அவளுக்கு அந்தச் சீட்டு என்ன என்பதும் எனக்குத் தெரியும். தாய்மாமன் ஒருவர் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பம்ப்செட் கடை வைத்திருந்தார், பத்து வயது மூத்தவர். அவளுடைய அப்பா ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். சீட்டுக் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. இந்த வருடம் போனால் அடுத்த வருடம் எழுதலாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அவள் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் நான் குறிப்பைக் கொடுத்தேன். வழக்கம்போலத்தான் கொடுத்தேன். அதைத்தான் இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது. அவள் பக்கங்களைப் புரட்டக்கூட இல்லை. விளிம்பைக் கட்டை விரலால் தள்ளிப் பார்த்தாள்.

"எம்புட்டு இருக்குமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்டி. இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான். இதுக்கு மேல கேக்க மாட்டாக."

அவள் கண்ணில் எவ்வளவு நிம்மதி. உன் புண்ணியத்தில் எனக்கு நாலு நாள் மிச்சம் என்றாள். அந்த நாலு நாளையும் வீணாக்கவில்லை. நாளமில்லாச் சுரப்பிகளை நான் திணறித் திணறிப் படிப்பதைப் பார்த்திருந்தாள் போலிருக்கிறது. அடுத்த வாரம் வரும்போது அந்தப் பாடத்தை முழுசாகத் திருப்பி எழுதி, எந்தச் சுரப்பு குறைந்தால் என்ன நோய் என்று கட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். மேல்தாளை எனக்குக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

திருத்திக்கொள்ள எனக்கு வாய்ப்பே வரவில்லை என்று சொல்ல முடியாது. மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று தாவரவியல் டீச்சர் எங்களை மரத்தடியில் நிறுத்தி, நுண்ணுயிரியல் எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தார். பாக்டீரியா நீந்துவதற்கு வால் மாதிரி ஒன்று இருக்குமே, கசையிழை, அதன் வகைகளையெல்லாம் பார்த்துக்கொண்டீர்களா என்று அவளிடம் கேட்டார். என் பதினோரு பக்கத்தில் அது கிடையாது. அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அது அவ முறை டீச்சர். அவ பாத்துருக்கா. தேவைன்னா எழுதியிருப்பா" என்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். வீட்டுக்குப் போய் இரண்டு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். மறந்துபோனேன், இந்தா என்று சொல்லியிருந்தால் அவள் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டாள். தேர்வுக்கு இன்னும் இரண்டு சனிக்கிழமைகள் மிச்சம் இருந்தன. இரண்டிலும் அவள் வந்தாள், இரண்டிலும் நான் கொடுக்கவில்லை.

தேர்வு மையம் ஒத்தக்கடைப் பக்கம். எழுதி முடித்து வெளியே வந்தபோது யானைமலை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. மேலூர் ரோட்டில் வந்த பஸ்ஸெல்லாம் நிற்காமல் போயின. ஒரு வேப்பமர நிழலில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அவள் தூக்குச்சட்டியைத் திறந்து அவித்த கடலையை என் பக்கம் நீட்டினாள். நுண்ணுயிரில் நாலு கேள்விக்கு விடை தெரியவில்லை என்றாள். விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். உடம்பு முழுக்கக் கசையிழை இருக்கிற பாக்டீரியா எது. கிராம் சாயம் போட்டால் எது ஊதா நிறத்தில் நிற்கும். வைரஸ் வழியாக மரபுப் பொருள் போவதற்கு என்ன பெயர். அடைப்பான் நோய்க் கிருமி என்ன வடிவம். அடைப்பான் வந்து அவர்கள் தெருவில் மாடு செத்து அவள் பார்த்திருக்கிறாள். நம்ம ஊர் மாட்டு நோயைக் கேட்டும் எழுத முடியவில்லையே என்றாள்.

நாலுமே என் பழுப்பு அட்டை நோட்டில் இருந்தன. நாலையும் நான் சரியாக எழுதியிருந்தேன். கடலையை உரித்துக்கொண்டே இருந்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தப்பாகப் புரிந்துகொண்டாள். என் தோளில் கையைப் போட்டாள்.

"நீ வருத்தப்படாதடி. உனக்கும்தான நாலு போச்சு. நீ என்ன வேணும்னா விட்ட? தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டியா" என்றாள்.

நான் ஆமாம் என்றேன். எனக்கும் நாலு போச்சு என்றேன். வாழ்க்கையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். நோயாளிகளுக்கு, வீட்டில், வேலை பார்த்த இடத்தில். அவற்றில் பாதிக்கு மேல் மறந்துபோய்விட்டது. வேப்பமரத்தடியில் சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும் போக மாட்டேன் என்கிறது.

பட்டியலில் என் பெயர் வந்தது. அவள் பெயர் வரவில்லை. நாலு கேள்வியால்தான் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. அவள் இயற்பியலில் கொஞ்சம் சுமார்தான். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் கல்லூரி விடுதியில் முதல் வருடம் முழுக்கத் தூங்கினேன். பிறகு நுண்ணுயிரியல் பாடமே வந்தது. வாய்மொழித் தேர்வில் கசையிழை வகைகளை மடமடவென்று சொன்னேன். அடித்தளம் நன்றாக இருக்கிறது, பள்ளியில் யார் சொல்லிக் கொடுத்தது என்று பேராசிரியர் கேட்டார். நானே படித்தேன் சார் என்றேன். வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன். ஓர் ஆட்டுக் குண்டிக்காயைக்கூட எனக்காக அரிந்து பார்த்தவள் ஒருத்தி இருந்தாள் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அம்மா மட்டும் போய் வந்தாள். அதற்குப் பிறகு அவளை ஒரே ஒரு தடவை, உசிலம்பட்டிச் சந்தையில், இடுப்பில் பிள்ளையோடு பார்த்தேன். காரில் இருந்தேன். நிறுத்தச் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு, பத்திரிகை வைக்க அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். சீட்டு வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவளுக்கு அடுத்தவள், பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். அம்மா காலில் விழுந்து பத்திரிகையைக் கொடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ டாக்டராவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா என்றாள். அது நடிப்பில்லை. அவளுக்கு நடிக்கத் தெரியாது. நாலு கேள்வி போன பிறகும் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று அவள் யோசித்ததாகவே தெரியவில்லை. மற்றதில் நன்றாக எழுதியிருப்பேன் என்று நினைத்திருப்பாள்.

பிறகு தங்கையை முன்னால் தள்ளி, இவளும் அடுத்த வருடம் எழுதுகிறாள், அப்பாவிடம் சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருக்கிறேன் என்றாள். உடலியங்கியலுக்கும் மரபியலுக்கும் என்னுடைய அடித்தாள் இருக்கிறது, உன் நுண்ணுயிர்க் குறிப்பு பஸ்ஸில் மழையில் நனைந்துவிட்டது, உன்னுடைய பிரதியைத் தருகிறாயா என்று கேட்டாள்.

பதினோரு பக்கத்துக்குப் பிரதி ஏது? என்னிடம் இருந்தது ஒரே ஒரு நோட்டுத்தான். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எதை? மாமா கொண்டாந்த புஸ்தகத்தப் பாத்து ராப்பகலா எழுதுனியே, அந்த நோட்டா? அதெப்படிப் போட விடுவேன், பரண்ல பத்திரமா வச்சிருக்கேன்" என்றாள்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அம்மாவே ஸ்டூல் போட்டு ஏறி, தூசியைத் தட்டி, பழுப்பு அட்டை நோட்டை அவள் கையில் கொடுத்தாள். படிக்கிற பிள்ளைக்கு உதவட்டும் என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போனாள்.

அவள் நோட்டைக் கையில் வாங்கியதுமே கனம் தெரிந்திருக்கும். திறந்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு நிதானமாகப் புரட்டினாள். கசையிழைப் படங்களை நான் நாலு வண்ணத்தில் வரைந்திருந்தேன். அந்தப் பக்கத்தில் அவள் விரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கிராம் சாயத்தில் நின்றது. நாலு இடத்திலும் நின்றது. நான் வேண்டாத தெய்வமில்லை, அவள் என்னைத் திட்டிவிட வேண்டும் என்று. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. தாவணி நுனியால் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டவள் நான். வெட்கப்பட்டவள் அவள்.

தங்கை ஒன்றும் புரியாமல், அக்கா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். அவள் நோட்டை மூடினாள். பையில் வைத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இதுல எல்லாம் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன். அது உண்மைதான். அவளிடம் நான் சொன்ன ஒரே முழு உண்மை அதுதான்.

அவள் அசையவில்லை. மாமா கொண்டுவந்த புத்தகத்தைக் கொஞ்சம் எடுத்துத் தருகிறாயா என்றாள். எடுத்து வந்து கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து புத்தகத்தை இடது பக்கமும் நோட்டை வலது பக்கமும் விரித்தாள். தங்கையை ஒரு பென்சிலோடு பக்கத்தில் உட்கார வைத்தாள். ஒரு தலைப்பை விரலால் தொடுவாள், நோட்டில் அது இருக்கிறதா என்று தேடுவாள், இருந்தால் அடுத்ததற்குப் போவாள். அம்மா காபியோடு வந்தவள் இதைப் பார்த்துவிட்டு, அவள்தான் எல்லாம் இருக்கிறது என்கிறாளே, ஆறுவதற்குள் குடியேன் தாயி என்றாள்.

"இல்லத்தே. பாத்துட்டே வாங்கிக்கிறேன்" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

காபி ஆறி ஏடு படிந்தது. அவர்கள் போக வேண்டிய பஸ்ஸும் போய்விட்டது. கடைசித் தலைப்பு வரைக்கும் அவள் சரிபார்த்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நான் சுவரோரமாக நின்றுகொண்டே இருந்தேன். உட்காரு என்று யாராவது சொன்னால் உட்கார்ந்திருப்பேன். யாரும் சொல்லவில்லை.